கம்பியும் வரைபடமும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். அதன் குதிரைத்திறன் எவ்வளவு, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பவையே உரையாடலின் பொருளாக இருக்கும். ஆனால் நடுவழியில் வண்டி நின்று அவதிப்பட்ட ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் உடைந்து நின்ற கதைகள் அவரிடம் சிலவே இருக்கும். சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஓர் ஒலியோடு வண்டி அடங்கிப் போன கதையும், மழை இரவில் விளக்கு மங்கிய கதையும், ஹாரன் தானாகவே அலறி ஊரைக் கூட்டிய கதையுமே மிகுதியாக இருக்கும். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு செம்புக் கம்பி, ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டியை அசையவிடாமல் நிறுத்திவிடுகிறது.

அந்தக் கம்பியின் வரலாற்றைத்தான் இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதனோடு இன்னொரு வரலாறும் பின்னிக் கிடக்கிறது. வண்டியின் மின்பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவு முதலில் யார் கையில் இருந்தது, பிறகு யார் கைக்குப் போயிற்று, அதை மீட்டுக்கொள்ள மக்கள் என்ன செய்தார்கள் என்பதே அந்த இரண்டாவது வரலாறு.

முதன்முதலில் தோன்றிய மோட்டார் வண்டிகளில் மின்சாரத்துக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு பொறி வேண்டும். அந்தப் பொறியைத் தருவதே அவ்வேலை. ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தில் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்ட் என்னும் பொறியாளர் 1902-ஆம் ஆண்டில் உயர் அழுத்த மாக்னெட்டோவை உருவாக்கினார். பாட்டரி இல்லாமலே பொறியை எழுப்பிய கருவி அது. விளக்குகளோ மண்ணெண்ணெயாலும் அசெட்டிலீன் வாயுவாலும் எரிந்தன. எஞ்சினைக் கிளப்ப, வண்டியின் முன்னே நின்று ஹாண்டில் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்பாராது பின்னோக்கி உதைத்தால் சுற்றியவரின் கை முறிவதும் உண்டு.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகரில் வாழ்ந்த சார்லஸ் கெட்டரிங் இத்துன்பத்துக்கு முடிவு கண்டார். அவர் அதற்கு முன், கடைகளில் பணம் பதியும் இயந்திரத்தை இயக்க ஒரு சிறிய மின்மோட்டாரை அமைத்தவர். அந்த மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. சில நொடிகள் மட்டும் தன் அளவுக்கு மீறி உழைத்துவிட்டு ஓய்ந்துவிடலாம். இதே கருத்தை அவர் மோட்டார் வண்டிக்கும் பொருத்தினார். 1912-ஆம் ஆண்டு காடிலாக் வண்டியில் கிளப்புதல், விளக்கு, பொறி ஆகிய மூன்றும் ஒரே மின்னமைப்பில் இணைந்தன. அன்றிலிருந்து பாட்டரி, டைனமோ, ஸ்டார்ட்டர் மூன்றும் வண்டியின் பிரிக்க முடியாத உறுப்புகளாயின. நம்மூர் ஓட்டுநர்கள் இன்றும் ஸ்டார்ட்டரை 'செல்ஃப்' என்றே சொல்லுகிறார்கள். 'செல்ஃப் எடுக்கவில்லை' என்று ஒருவர் கூறும்போது, தாமே கிளம்பும் வண்டி என்று ஒரு தலைமுறை வியந்ததன் எதிரொலி அதில் ஒலிக்கிறது.

மின்சாரம் ஒரு சுற்றாகவே ஓடும். பாட்டரியிலிருந்து புறப்பட்டு, விளக்கையோ மோட்டாரையோ இயக்கி, மீண்டும் பாட்டரிக்கே திரும்ப வேண்டும். போவதற்கு ஒரு கம்பியும் திரும்புவதற்கு ஒரு கம்பியும் வேண்டுமல்லவா? வண்டியின் உடலே இரும்பாக இருக்கும்போது திரும்பும் கம்பி எதற்கு என்று பொறியாளர்கள் சிந்தித்தனர். பாட்டரியின் ஒரு முனையை வண்டியின் உடலோடு இணைத்துவிட்டால், உடலே திரும்பும் வழியாகிவிடும். செம்புக் கம்பியின் செலவு ஏறத்தாழப் பாதியாயிற்று. இதனையே 'பாடி எர்த்' என்கிறோம். சிக்கனம் பெரிது, ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. துருவும் சேறும் வண்ணப்பூச்சும் படியும் இரும்பு உடல் மின்பாதையாகிவிட்டது. அதனால் உடலோடு கம்பி சேரும் ஒவ்வொரு திருகாணியும் பழுதுக்கு ஒரு வாயிலாயிற்று.

இப்பழுதுகளைப் புரிந்துகொள்ள வேண்டிய விதி, மோட்டார் வண்டி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே எழுதப்பட்டிருந்தது. ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய கியார்க் ஓம் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி அது. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் அத்தடையில் இழக்கப்படும் அழுத்தம் கிடைக்கும் என்பதே அதன் சாரம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டரியின் முனையில் களிம்பு ஏறி, 0.01 ஓம் தடை கூடுதலாகச் சேர்ந்துவிட்டதென்று கொள்வோம். விளக்கு ஒன்று 5 ஆம்பியர் இழுக்கும்போது, அத்தடையில் இழப்பது 0.05 வோல்ட்தான், கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. ஆனால் ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது அதே இடத்தில் 1.5 வோல்ட் தொலைந்துபோகும். விளக்கு நன்றாக எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை என்னும் புதிருக்கு விடை இதுதான். இதை அறியாதவர் புதுப் பாட்டரி வாங்குவார். அறிந்தவர் முனையைக் கழற்றி, களிம்பைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டுவார்.

ஆறு வோல்ட் பாட்டரிகள் பன்னிரண்டு வோல்ட்டாக மாறியதும் இவ்விதியின் விளைவே. 60 வாட் விளக்கு ஆறு வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டு வோல்ட்டில் 5 ஆம்பியரே இழுக்கும். அதே கம்பியில் வீணாகும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 1950-களின் நடுவில் அமெரிக்க வண்டிகள் இம்மாற்றத்தைச் செய்தன. அடுத்த பத்தாண்டில் டைனமோ இருந்த இடத்தில் ஆல்ட்டர்னேட்டர் வந்து அமர்ந்தது. அதுவரை பாட்டரியின் நேர்முனையை உடலோடு இணைத்துவந்த பிரிட்டிஷ் வண்டிகள், எதிர்முனையை இணைக்கும் முறைக்கு மாறின.

இனி வரைபடத்துக்கு வருவோம். கம்பிகள் பெருகப் பெருக அவற்றை அடையாளம் காண ஒரு மொழி தேவைப்பட்டது. பிரிட்டனில், பர்மிங்ஹாம் நகரத்து லூகாஸ் நிறுவனம் பெரும்பாலான வண்டிகளுக்கு மின்கருவிகளை வழங்கியது. அந்நாட்டு வண்டிகளில் நிறங்களே மொழியாயின. பழுப்புக் கம்பி பாட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறுவது. பச்சை, சாவிக்கும் பியூஸுக்கும் அப்பாற்பட்டது. ஊதா, சாவியைக் கேளாமல் பியூஸின் வழியே மட்டும் வருவது. சிவப்பு சிறு விளக்குகளுக்கும், நீலம் முகப்பு விளக்குகளுக்கும் உரியவை. கறுப்பு எர்த்துக்கு உரியது. இந்த ஏழு நிறங்களை அறிந்த ஒருவன், தான் கண்டிராத வண்டியின் அடியில் படுத்துக்கொண்டும் கம்பியின் குலத்தைச் சொல்லிவிடுவான். அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இரண்டே இரண்டு பியூஸ்கள்தான் இருந்தன. உரிமையாளர் கையேட்டிலேயே முழு வயரிங் படமும் அச்சிடப்பட்டு வந்தது. வண்டியை வாங்கியவருக்கு அதன் படமும் சொந்தம் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

இந்த மரபு நம் நாட்டுக்கும் வந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை வண்டியே 1957-ஆம் ஆண்டில் அம்பாசிடராகப் பிறந்து, 2014-ஆம் ஆண்டு வரை வங்காளத்து உத்தர்பாராவில் உருவாகிவந்தது. சென்னையை அடுத்த பாடியில் 1961-ஆம் ஆண்டில் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் தோன்றியது. நாட்டின் வண்டிகளுக்கு வேண்டிய டைனமோக்களும் ஸ்டார்ட்டர்களும் இங்கேயே உருவாகத் தொடங்கின. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் உதிரி உறுப்புக் கடைகள் பெருகின. ஊருக்கு ஊர் பாட்டரி கடையின் ஓரத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அமர்ந்தார். அவருடைய கருவிகள் எளியவை: ஒரு பழைய பல்பு, அதில் பற்றவைத்த இரண்டு கம்பிகள், ஒரு வெட்டுக்குறடு, ஒரு சுருள் கறுப்பு டேப்.

அந்த எளிய சோதனை விளக்கு ஆற்றிய பணி மிகப் பெரிது. பின்விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டரி முதல் விளக்கு வரை பத்து இணைப்புகள் உள்ளன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பவன் கற்றுக்குட்டி. கைதேர்ந்தவன் நடுவில் உள்ள ஐந்தாவது இணைப்பில் சோதனை விளக்கை வைப்பான். அங்கே எரிந்தால் முற்பாதி நலம். பழுது பிற்பாதியில் உள்ளது. பிற்பாதியின் நடுவில் மீண்டும் வைப்பான். மூன்று நான்கு முறைகளில் பழுதின் இருப்பிடம் தெரிந்துவிடும். விளக்கு வரை மின்சாரம் வந்தும் எரியவில்லை என்றால், பல்பை மாற்றிப் பார்ப்பான். அதுவும் நன்றென்றால் திரும்பும் வழியை, அதாவது எர்த்தைத் தேடுவான். இது தருக்க நூலாசிரியரும் ஒப்பும் முறை. எழுதப் படிக்க அதிகம் அறியாத பலரும் இதைக் கையாண்டனர். குருவின் பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே கற்ற கல்வி அது.

இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் என்பவர் 1966-ஆம் ஆண்டில் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் வண்டிக்காகத் தம் முதல் பழுதுபார்ப்பு நூலை வெளியிட்டார். ஒரு வண்டியை முற்றிலும் பிரித்து, மீண்டும் பூட்டி, அந்த வேலையை ஒவ்வொரு படியாகப் படமெடுத்து விளக்குவது அவருடைய முறை. அவ்வரிசையில் வந்த நூல்களின் பின்பக்கங்களில் வயரிங் படங்கள் இடம்பெற்றன. சாதாரண மனிதன் தன் வண்டியைத் தானே செப்பனிடலாம் என்ற நம்பிக்கை உச்சத்தில் இருந்த காலம் அது.

அந்த நம்பிக்கையைக் குலைக்க எவரும் திட்டமிட்டார் என்று சொல்ல முடியாது. மாற்றம் நல்ல நோக்கத்தோடுதான் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் காற்று வண்டிப்புகையால் நச்சானபோது, கலிபோர்னியா அரசு வண்டிகளின் புகையை அடக்க முற்பட்டது. எரிபொருளை நுட்பமாக அளக்க எஞ்சினுக்கு ஒரு கணினி தேவைப்பட்டது. அக்கணினி தன் குறைகளைத் தானே கண்டு சொல்ல வேண்டும் என்ற விதி, அம்மாநிலத்தில் 1988-ஆம் ஆண்டு வண்டிகளில் நடைமுறைக்கு வந்தது. 1996-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கா முழுவதும் விற்கப்படும் கார்களில் பதினாறு ஊசித் துளைகள் கொண்ட ஒரே வகை இணைப்பு கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் 2010-களில் இது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இன்று எந்தக் காரிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் பெரும்பாலும் அத்துளைகளைக் காணலாம்.

இதனிடையே கம்பிகளும் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன. ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனிக்கம்பி இழுத்தால் வண்டியே கம்பிக் காடாகிவிடும் என்ற நிலை வந்தது. பாஷ் நிறுவனத்தார் 1986-ஆம் ஆண்டில் டெட்ராயிட் நகரில் ஒரு புதிய முறையை அறிவித்தனர். முறுக்கிய இரண்டே கம்பிகளில் வண்டியின் கணினிகள் யாவும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் 'கேன்' என்னும் முறை அது. கம்பி குறைந்தது, ஆனால் பொருள் கம்பியிலிருந்து செய்திக்கு மாறிவிட்டது. விளக்குக்குச் செல்லும் கம்பியைத் தொட்டு ஸ்விட்சின் கருத்தை அறிய இனி முடியாது. பழைய சோதனை விளக்கைக் கணினிக் கம்பியில் வைத்தால், அது இழுக்கும் மின்னோட்டமே கணினியைக் கெடுத்துவிடவும் கூடும்.

வரைபடம் மூடப்பட்ட காலம் இதுவே. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த படம் மறைந்தது. 'அங்கீகாரம் பெற்ற பணிமனையை அணுகவும்' என்னும் வாசகம் அதன் இடத்தைப் பிடித்தது. விலைமிகுந்த ஸ்கேனரும், கடவுச்சொல்லுக்குப் பின்னால் பூட்டப்பட்ட படங்களும் நிறுவனங்களின் பணிமனைகளுக்கு மட்டும் உரியவையாயின. தெருவோர எலக்ட்ரீஷியனின் அறிவு பழுதாகிவிடவில்லை. அவர் கையிலிருந்த வரைபடம்தான் பிடுங்கப்பட்டது.

என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே சொல்வது பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் என் வண்டியில் முகப்பு விளக்கைப் போட்டவுடன் முன்பலகையின் எச்சரிக்கை விளக்குகள் பலவும் ஒருங்கே எரியத் தொடங்கின. பெரிய பணிமனை ஒன்றில் ஸ்கேனரைச் செருகினார்கள். ஏழெட்டுப் பிழைக்குறிகள் தோன்றின. உடற்பகுதிக் கணினியையும் வயரிங் கட்டையும் மாற்ற வேண்டும் என்று முக்கால் லட்சத்துக்கு மதிப்பீடு எழுதித் தந்தார்கள். பிறகு முதியவரான ஓர் எலக்ட்ரீஷியனிடம் சென்றேன். அவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை வண்டியின் உடலிலும் வைத்து, விளக்கைப் போடச் சொன்னார். மீட்டர் ஒன்றரை வோல்ட் காட்டியது. 0.2 வோல்ட்டுக்கு மேல் போனாலே ஐயப்பட வேண்டிய இடம் அது. 'கம்ப்யூட்டருக்கு ஒன்றும் இல்லை சார், எர்த்துதான் போயிருக்கு' என்றார். பாட்டரிக்கு அடியில் துருவேறிக் கிடந்த ஒரு திருகாணியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி இறுக்கினார். கூலி முந்நூறு ரூபாய். எச்சரிக்கை விளக்குகள் அணைந்தன.

நடந்தது என்ன? திரும்பும் வழியில் தடை மிகுந்ததால், வண்டியின் கணினிகளுக்குச் சுழி எது என்பதே மாறிவிட்டது. அடிக்கோடு பிறழ்ந்த அளவுகோலால் அளந்ததையெல்லாம் அவை பிழை என்று அறிவித்தன. பிழைக்குறி என்பது நோயின் பெயர் அன்று. நோயாளியின் முனகல் மட்டுமே. 'பி 0301' என்ற குறி முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று சொல்லும். அதற்குக் காரணம் பிளக்கா, காயிலா, கம்பியா, எரிபொருள் தெளிப்பானா என்று அது சொல்லாது. அதைக் கண்டறிவது இன்றும் ஓமின் விதியறிந்த மனிதனின் வேலைதான். கேன் கம்பிகளும் அவ்விதிக்கு அடங்கியவையே. அவற்றின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. பாட்டரியைக் கழற்றிவிட்டு, அக்கம்பிகள் வந்து சேரும் ஆறாம் துளைக்கும் பதினான்காம் துளைக்கும் இடையே அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு கோடி அறுந்துவிட்டது என்பது பொருள். சில நூறு ரூபாய் மீட்டர் இதைச் சொல்லிவிடும். ஆனால் எந்தத் துளை எதற்கு உரியது என்று தெரிந்தால்தானே சொல்லும்?

இந்த உண்மையைச் சட்டமியற்றுவோரும் உணரலாயினர். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தமே, புகைக் கட்டுப்பாடு தொடர்பான பழுதுபார்ப்புச் செய்திகளைத் தனிப் பணிமனைகளுக்கும் தர வேண்டும் என்றது. மாசாசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ஆம் ஆண்டில் வாக்களித்து, வண்டிப் பழுதுபார்ப்பு உரிமையை ஆதரித்தனர். 2020-ஆம் ஆண்டில், வண்டி கம்பியில்லாமல் அனுப்பும் செய்திகளுக்கும் அவ்வுரிமையை விரிவாக்கக் கேட்டபோது, ஏறத்தாழ நான்கில் மூவர் ஆம் என்றனர். நம் நாட்டில் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு தீர்ப்பு வழங்கியது. உதிரி உறுப்புகளையும் சோதனைக் கருவிகளையும் தொழில்நுட்பச் செய்திகளையும் தனிப் பணிமனைகளுக்கு எட்டாமல் வைத்தமைக்காகப் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அத்தொகை மேல்முறையீட்டுக்கு உள்ளானது. எனினும் வண்டியின் படம் பூட்டிவைக்கத் தக்கதா என்ற கேள்வி பொதுமன்றத்தில் எழுந்துவிட்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை பழுதுபார்ப்பு உரிமைக்கென ஒரு தளத்தைத் திறந்தபோது, வாகனங்களையும் அதில் ஒரு பிரிவாகச் சேர்த்தது.

உரிமையைப் பேசும்போது எல்லையையும் பேசத்தான் வேண்டும். மின்சாரத்தால் ஓடும் வண்டிகளில் ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளில் பல நூறு வோல்ட் பாய்கிறது. பயிற்சியற்றவர் அவற்றைத் தொடுவது உயிரோடு விளையாடுவதாகும். மோதலின்போது விரியும் காற்றுப் பைகளின் கம்பிகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தால் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் சோதனை விளக்கை வைக்கக் கூடாது. எரிந்த பியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிவைப்பது பழுதுபார்த்தல் அன்று. வண்டிக்குத் தீ மூட்டும் ஏற்பாடு. வரைபடம் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இவையும் காரணங்களே. தெருவோரத் தொழிலாளி எப்படியும் வண்டியைத் தொடத்தான் போகிறார். ஆபத்து எங்கே இருக்கிறது என்று அறிந்து தொடுவது நல்லதா, அறியாமல் தொடுவது நல்லதா?

மாக்னெட்டோ போயிற்று, டைனமோ போயிற்று, ஆறு வோல்ட் பாட்டரியும் போயிற்று. நூறாண்டுகளுக்கு மேலான இவ்வரலாற்றில் மாறாது நின்றவை இரண்டு. மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும் என்பது ஒன்று. அது திரும்பும் வழியை அறிந்தவனே பழுதைக் களைய முடியும் என்பது மற்றொன்று. ஆகவே, நேயர்களுக்கு நான் கூறக்கூடியது இவ்வளவே. உங்கள் வண்டியில் மின்பழுது நேர்ந்தால், கணினியை மாற்றச் சம்மதிக்கும் முன், பாட்டரி முனைகளையும் எர்த்தையும் மீட்டர் வைத்து அளந்தார்களா என்று கேளுங்கள். முழுதாக மின்னேறிய பாட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்; எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும். இவ்விரண்டு எண்களையும் நினைவில் வைத்திருங்கள். புது வண்டி வாங்கும்போது அதன் வயரிங் படம் எங்கே கிடைக்கும் என்றும் தயங்காது கேளுங்கள். விற்பவர் வியப்போடு பார்க்கலாம். ஆயினும் பலர் கேட்கக் கேட்கத்தான், கையேட்டிலிருந்து போன அந்தப் பக்கம் என்றேனும் திரும்பி வரும்.